நாலு பிள்ளைகளுக்கு நாலு போர்வை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்களில் வைத்தியர் இருக்கிறார், சட்டத்தரணி இருக்கிறார், கல்விப் பணிப்பாளராக இருந்தவர் இருக்கிறார். நான் கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் 27 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். என்னைப் பேசச் சொன்னபோது, "எதைப் பற்றிப் பேசுறது தங்கச்சி?" என்று செயலாளரிடம் கேட்டேன். "நீங்க இப்ப தச்சுக்கிட்டு இருக்கிற போர்வைகளைப் பத்தியே பேசுங்க அக்கா" என்றார். ஆகவே தையலைப் பற்றிப் பேசுகிறேன். தையல் என்றதும் பின்வரிசைப் பிள்ளைகள் சிலர் கதவைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். இதில் மெஷினும் உண்டு, கப்பலும் உண்டு, கோச்சியும் உண்டு.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் குவில்ட் என்று சொல்லும் போர்வையில் மூன்று அடுக்கு இருக்கும். மேலே, சின்னச் சின்னத் துணித்துண்டுகளை இணைத்துச் செய்த முகத்துணி. நடுவில் பஞ்சு விரிப்பு. கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து, ஒன்றைவிட்டு ஒன்று நகராதபடி முழுப் போர்வையிலும் தையல் ஓட்ட வேண்டும். அந்தத் தையலுக்குத்தான் குவில்டிங் என்று பெயர். கடைசியில் நாலு ஓரத்துக்கும் பட்டி கட்டினால் போர்வை முடிந்தது.

இது வெள்ளைக்காரர்களின் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓடு தையல் போட்டு 'காந்தா' செய்கிறார்கள். பிகாரில் அதே மாதிரி 'சுஜனி' இருக்கிறது. பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கென்றே அதைத் தைப்பார்கள். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி என்றொரு சமூகம் வாழ்கிறது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அந்தப் பெண்கள் செய்யும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே தைத்துக்கொண்டே போவார்கள். நாலு மூலையிலும் மடித்த துணித்துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர். பூ வைக்காவிட்டால் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை. இந்தப் பூவைப் பற்றிப் பிறகும் சொல்லப் போகிறேன்; நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளிலும் இதற்கு அடிப்படை உண்டு. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியிலா கிடத்தினோம்? அம்மாவின் பழைய சேலையில், அப்பாவின் பழைய வேட்டியில் கிடத்தினோம். பல தரம் துவைத்த துணிதான் பிள்ளையின் தோலுக்கு மெதுவாக இருக்கும். லயத்துக் காம்பராவிலும் பிள்ளைக்காம்பராவிலும் தொட்டில் கட்டியது சேலையில்தான். நாம் தைக்காமல் விட்டது அந்த மூன்றடுக்கை மட்டுமே. அதற்குக் காரணம், நமக்குப் போர்வை தோட்டத்திலிருந்து வந்தது.

கம்பளியைத்தான் சொல்கிறேன். இங்கே இருக்கிற வயதானவர்களுக்கு அதன் வாடை இப்போதும் மூக்கில் வரும். கறுப்புக் கம்பளி, முரட்டு ஆட்டுமயிர். மழையில் தலைக்கு மேலே மடித்துக் கொங்காணி போட்டால் அது குடை. இரவில் அதுவே போர்வை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் தேயிலைக் கொழுந்தே உறைபனியில் கருகும். அந்தக் குளிரில் கம்பளி இல்லாமல் மனிதர் வாழ முடியாது. தோட்டம் அதை இனாமாகத் தரவில்லை. கொடுத்துவிட்டு, சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொண்டது. நம் பாட்டிமார் தங்கள் போர்வைக்குக் கொழுந்து பறித்துக் கடன் கட்டியவர்கள்.

நம் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா, அக்காமாரே? ஒரு சாண் வெள்ளைத் துணி, ஊசி, சிவப்பு நூல். ஓடு தையல், பின் தையல், சங்கிலித் தையல், அதற்குப் பிறகு கம்பளித் தையல். கம்பளிக்கு ஓரம் அடிக்கிற தையலானபடியால் அதற்கு அந்தப் பெயர் என்று ஆசிரியை சொன்னபோது, எங்கள் வீட்டுக் கம்பளிக்கு ஓரமே இல்லையே, நூல் நூலாகத் தொங்குகிறதே என்று நாங்கள் சிரித்தோம். அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாயியின் கம்பளிக்கு அந்தத் தையலைப் போட்டேன். நான் பாடத்தில் படித்து வீட்டுக்குக் கொண்டுபோன முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி மெஷினுக்கு வருவோம். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877-இல். அப்போதிருந்து இன்றுவரை வீட்டுத் தையல் மெஷினின் அமைப்பு ஒன்றுதான். மெஷின் ஓரிடத்தில் நிற்கும்; துணியை நாம் நகர்த்துவோம். ஊசிக்கும் மெஷினின் தூணுக்கும் நடுவே ஏழெட்டு அங்குல இடம்தான் இருக்கும். சட்டை தைக்க அது போதும். ஒரு கட்டில் அளவுப் போர்வையை, அதுவும் பஞ்சோடு, அந்த இடுக்கில் சுருட்டித் திணித்து நகர்த்திப் பாருங்கள், தோள்பட்டை இறங்கிவிடும்.

லோங்ஆர்ம் மெஷினில் இந்த வேலை தலைகீழ். நீண்ட கையுள்ள மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கும் தூணுக்கும் நடுவே 18 அங்குலம் முதல் 26 அங்குலம் வரை, சிலவற்றில் அதற்கும் மேல் இடம் இருக்கும். போர்வை ஒரு நீண்ட சட்டகத்தில், உருளைகளில் விறைப்பாகக் கட்டப்பட்டு அசையாமல் நிற்கும். மெஷின்தான் சக்கரம் வைத்துத் தண்டவாளத்தில் ஓடும். சைக்கிள் பிடிபோல இரண்டு கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு துணிமேல் ஊசியால் படம் வரையலாம். பெரிய தொழிற்சாலைகளில் இப்படிப்பட்ட மெஷின்கள் முன்பே இருந்தாலும், வீட்டிலும் சிறு கடைகளிலும் வைக்கக்கூடிய அளவில் 1980-களுக்குப் பிறகே பரவின. விலையைக் கேட்காதீர்கள், ஒரு காரின் கணக்கு. நான் வாங்கவில்லை. ரொறன்ரோவில் சில துணிக்கடைகளில் அரைநாள் வகுப்பு எடுத்துத் தேறினால், மணிக்கணக்கில் மெஷினை வாடகைக்குத் தருகிறார்கள். அப்படித்தான் என் 63 வயதில் படித்தேன்.

முதல்நாள் வகுப்பில் அந்தச் சட்டகத்தைப் பார்த்தேன். நீளம் 12 அடி. நான் பிறந்த லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. எங்கள் வீட்டின் ஒரு சுவர் முழுவதற்கும் ஒரு மெஷின்! அம்மாயி, அம்மா, அப்பா, நாங்கள் மூன்று பிள்ளைகள் படுத்த இடம் அது. எனக்குச் சொல்லித்தந்த அம்மையார், "பெரிதாக இருக்கிறதென்று பயப்படுகிறீர்களா?" என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

மெஷினில் போர்வை ஏற்றுவது பெரிய வேலை. அடித்துணியை எல்லாப் பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் பிடிமானம் இருக்காது. அடித்துணியின் இரு முனைகளையும் உருளையிலுள்ள கன்வஸ் துணியில் நேராக ஊசி குத்திப் பிடிக்க வேண்டும். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் முகத்துணி. மத்தளத்துத் தோல்போல இறுக்கக் கூடாது. விரலால் கீழிருந்து தொட்டால் கொஞ்சம் மேலே எழும்ப வேண்டும். மேல்நூல், பொபின் நூல் இரண்டின் இறுக்கமும் ஒத்துப்போகிறதா என்று ஓரத்தில் ஒரு சாண் தைத்து, குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மேலே அழகாக இருக்கும், கீழே நூல் வலைபோலத் தொங்கும். அதனால் ஒவ்வொரு முறை உருட்டியதும் அடியைப் பார்ப்பது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

மெஷினில் தையல் சீராக்கி என்றொரு கருவி உண்டு. சக்கரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறதென்று பார்த்து, ஊசியின் வேகத்தை அதற்கேற்ப மாற்றும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்று வைத்தால், கை மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் பத்துத்தான். ஆனால் கை எங்கே போக வேண்டும் என்பதை மெஷின் சொல்லாது. வளைந்து வளைந்து, ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டாமல், வெற்றிடம் விடாமல், நூல் அறுக்காமல் முழுப் போர்வையையும் நிரப்ப வேண்டும். புதிதாகப் படிப்பவர்களை முதலில் தாளில் பென்சிலை எடுக்காமல் வரைந்து பழகச் சொல்வார்கள். வாரக்கணக்கில் வரைய வேண்டும், கைக்குப் பழகியபிறகே மெஷினைத் தொட வேண்டும் என்பார்கள்.

அந்தத் தாளை என் கையில் தந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றி, எடுத்த கையை விடாமல், தொடங்கிய இடத்துக்கே வந்து முடிக்கிற கம்பிக்கோலம் நமக்குத் தெரியாததா? மார்கழியில் லயத்து வாசலில், சாணம் தெளித்த மண்ணில், குளிரில் விரல் விறைக்க விறைக்கப் போட்டது தானே? கோலம் போடும்போது விரலைப் பார்க்கமாட்டோம்; அடுத்த புள்ளியைப் பார்ப்போம். மெஷினுக்கும் அதேதான் சட்டம்: ஊசியைப் பார்க்காதே, போகப் போகிற இடத்தைப் பார். ஆகவே பிள்ளைகளே, கோலம் போடத் தெரிந்த கை உங்களிடம் இருந்தால், இந்த வித்தையில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

மீதிப் பாதியை எதில் பழகுவது? வகுப்பில் வெறும் வெள்ளைத் துணியில் பழகச் சொல்வார்கள். ஒருநாள் பழகினேன். அதற்குப் பிறகு பிள்ளைகளின் போர்வையிலேயே பழகுவதென்று முடிவெடுத்தேன். பிள்ளைப் போர்வை சிறியது; சீக்கிரம் முடியும். அடிக்கடி துவைப்பார்கள், துவைத்துச் சுருங்கியதும் தையலின் ஏற்ற இறக்கம் தெரியாது. இவற்றையெல்லாம்விட, யாருக்கென்று தெரிந்து தைக்கும்போது கை நிதானமாகப் போகிறது.

எங்கள் அம்மாயியின் எள்ளுப்பேரப்பிள்ளைகள் நாலு பேருக்குத் தைத்தேன். நாலு பேரும் நாலு ஊரில் இருக்கிறார்கள். ஏன் நாலு ஊர் என்பதை இந்தச் சபையில் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

1948-இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று இரண்டு அரசாங்கங்களும் முடிவெடுத்தன. எங்கள் சித்தி, சித்தப்பாவோடு தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினார். அந்தக் கோச்சியைப் பெரியவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் ஒரு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ ஆனது. சித்தி கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் கொழுந்துக்கே போனார். மாமா 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு இறங்கினார். தங்கச்சி பொகவந்தலாவையிலேயே இருந்துவிட்டாள். நான் 1986-இல் கனடாவுக்குப் போனேன். அம்மாயி 1981-இல், எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாமல் கண்ணை மூடினார். அவருடைய புகைப்படம்கூட எங்களிடம் கிடையாது. இருந்தது ஒரே ஒரு சேலை. தங்கச்சியின் தகரப்பெட்டியில் இருந்தது.

அந்தச் சேலையில் துண்டு எடுத்து நாலு போர்வையிலும் வைக்க வேண்டுமென்று எனக்கு ஆசை. தங்கச்சியிடம் தொலைபேசியில் கேட்டேன். அவள் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். "கத்திரிக்கோல் வச்சிட்டா அம்மாயி போயிருவாங்க அக்கா. இவ்வளவு காலம் நான் பூஞ்சணம் புடிக்காம பார்த்துக்கிட்டது வெட்டுறதுக்கா?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. 40 வருடம் வெயில் காணும் நாளெல்லாம் அதை வெளியே எடுத்துக் காயப்போட்டவள் அவள். நான் கனடாவிலிருந்து கொண்டு வெட்டச் சொல்வது இலேசு.

அப்போது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் போர்வைகளைப் பற்றிய ஒரு படப்புத்தகம் நூலகத்தில் கிடைத்தது. அலபாமா ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்றோர் ஊர். பருத்தித் தோட்டமாக இருந்த இடம். அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் வாழ்கிறார்கள். தோட்ட முதலாளியின் பெயர் பெட்வே. அதனால் அந்த ஊரில் பாதிப்பேருக்கு அதுவே குடும்பப் பெயர். வேலைசெய்து நைந்த உடுப்புகளைக் கிழித்து அந்தப் பெண்கள் போர்வை தைத்தார்கள். 1942-இல் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளில் ஒரு போர்வை செய்தார். முழங்காலில் தேய்ந்த அடையாளமும் கறையும் அப்படியே அதில் தெரிகின்றன. கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டுக் கிளம்பியபோது, 1962-இல் அந்த ஊரின் படகுச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். ஆற்றைக் கடந்து போய் வாக்காளராகப் பதியாமல் இருக்கட்டும் என்று. அது மறுபடி ஓடியது 2006-இல். அந்தப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன; 2006-இல் அமெரிக்கத் தபால் முத்திரையிலும் வந்தன. தோட்டம், முதலாளியின் பெயர், நின்றுபோன படகு, இல்லாத வாக்கு. நமக்கு எதையும் விளக்க வேண்டுமா?

மிசூரி பெட்வேயின் கதையைத் தங்கச்சிக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளே எடுத்தாள். "முந்தானைய நான் வச்சுக்கிறேன். ஒடம்புப் பக்கத்துல ஒரு முழம் வெட்டி அனுப்புறேன். புள்ளைகளுக்கு இது யாருதுன்னு சொல்லிக் குடுக்கணும். சொல்லிக் குடுக்காட்டி வெறும் சீத்தைத் துணிதான்" என்றாள். அந்த நிபந்தனையோடு ஒரு முழத் துணி வந்தது. ஊதா நிறம், வெள்ளைப் பொட்டு. போர்வை ஒன்றுக்கு ஒரு சதுரம் வீதம் வெட்டினேன். சித்திப் பெண்கள் பூ வைப்பதுபோல, ஒவ்வொரு போர்வையிலும் ஒரு மூலையில் வைத்தேன். நைந்த துணி மெஷின் இழுப்பைத் தாங்காது. அதனால் பின்னால் மெல்லிய ஒட்டுத்துணி வைத்துச் சூடுபடுத்தி ஒட்டிய பிறகே தைத்தேன். பழைய துணியோ புதுச் சிவப்போ எதுவானாலும், தைக்கும் முன் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிப் பாருங்கள். சாயம் பக்கத்துத் துணியில் இறங்கினால் போர்வை போச்சு.

முதல் போர்வை ரொறன்ரோவில் மகளுக்குப் பிறந்த பேரனுக்கு. நாலரை அங்குலச் சதுரமாக வெட்டி, கால் அங்குலம் விட்டு இணைத்தால் ஒரு சதுரம் நாலு அங்குலம். பத்துக்குப் பத்தாக 100 சதுரம். 40 அங்குலப் போர்வை. தையல், வளைந்தோடும் எளிய கோடு. ஒன்று சொல்லியாக வேண்டும்: ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை தூங்கும் தொட்டிலில் தளர்வான போர்வை போடக்கூடாது, மூச்சுக்கு ஆபத்து என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஆகவே அது தரையில் விரித்துக் குப்புறப் படுத்து விளையாடும் விரிப்பானது. பொத்தான், மணி எதுவும் வைக்கவில்லை. பிள்ளை பிய்த்து வாயில் போடும்.

இரண்டாவது, கோத்தகிரியில் ஐந்து வயதுப் பேத்திக்கு. அங்கேயும் நம்மைப்போலவே குளிர். 12-க்கு 16 என்று 192 சதுரம். பஞ்சு, பருத்திப் பஞ்சு. தையலில் வளையம் வளையமாகச் சுழி போட்டேன்.

மூன்றாவது, கிளிநொச்சியில் பத்து வயதுப் பேரனுக்கு. கிளிநொச்சி வெயிலில் பஞ்சுப் போர்வை எதற்கு? அந்தப் பிள்ளைக்குப் போர்வை என்றால் விடியற்காலையில் கொஞ்ச நேரம், நுளம்புக்குக் கொஞ்சம், அவ்வளவுதான். ஆகவே வங்காளத்துக் காந்தாபோல, பஞ்சுக்குப் பதில் நடுவில் என்னுடைய பழைய வொயில் சேலை ஒன்றை வைத்தேன். தையலையும் நெருக்காமல், கோட்டுக்குக் கோடு ஒரு கை அகலம் விட்டேன். நெருக்கித் தைத்தால் துணி விறைத்துப்போகும். அகலவிட்டால் உடம்போடு விழும். இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. யாருக்கு, எந்த ஊருக்கு என்று யோசித்தபோது தானாக வந்தது.

நாலாவது, பொகவந்தலாவையில் தங்கச்சியின் பேத்திக்கு. அவளுக்கு 11 வயது. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வர ஆசைப்படுகிறாள். அங்கே சிக்கல் குளிர் மட்டுமில்லை, ஈரம். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் துவைத்தது காயாது. பருத்திப் பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அதனால் பொலியெஸ்டர் பஞ்சு வைத்தேன். இலேசு, சீக்கிரம் காயும். தையலுக்கு, லோங்ஆர்ம் மெஷினின் பின்பக்கம் நின்றுகொண்டு தாள் படத்தின்மேல் ஒளிப்புள்ளியை ஓட்டினால், அதே படம் துணியில் விழும் முறை ஒன்றுண்டு. கடையில் ரோஜா, இறகு, நட்சத்திரம் எல்லாம் விற்றார்கள். நான் தாள் சுருள் வாங்கி, இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கோடு அறாமல் வருமாறு நானே வரைந்துகொண்டேன்.

போர்வைகள் போய்ச் சேர்ந்தபிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கோத்தகிரிப் பேத்தி கைத்தொலைபேசியில் முகத்தைக் காட்டி, "இந்த ஊதாக் கட்டம் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். அவளுடைய அம்மாவுக்கே பதில் தெரியவில்லை. தங்கச்சியைத் தொலைபேசியில் இணைத்தோம். கோச்சி, கப்பல், கம்பளி எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு அந்தப் பிள்ளை, "அப்ப மத்த மூணு கட்டம் யாருகிட்ட இருக்கு?" என்றாள். அன்றுதான் நாலு பிள்ளைகளும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்தார்கள். மூன்று நாட்டுக் கடவுச்சீட்டு. ஒரு முழத் துணி. கிளிநொச்சிப் பேரன் தன் போர்வையைக் காட்டச் சொன்னதும் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். கதிரைகளுக்கு மேல் கட்டிக் கூடாரம் போட்டிருந்தானாம். ஒரு பக்கம் சேறு. அவனுடைய அம்மா, "பெரியம்மா, மன்னிச்சுக்கங்க" என்று பதறினார். எனக்கு அதைவிடச் சந்தோசம் வேறில்லை.

ஏனென்றால், பொகவந்தலாவைப் போர்வை அப்போதும் அலுமாரிக்கு மேலே பெட்டிக்குள் இருந்தது. "பத்திரமா வச்சிருக்கோம், கலியாணத்துக்குக் குடுப்போம்" என்றார்கள். நம் ஆட்களின் பழக்கம் இது. நல்ல பொருள் கிடைப்பது அரிதாக இருந்தபடியால், நல்லதை எடுத்து வைத்துவிட்டுக் கிழிந்ததைப் போர்த்திக்கொண்டோம். விருந்தாளிக்கென்று வைத்த கோப்பை, பெருநாளுக்கென்று வைத்த சேலை. அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பழக்கத்தால்தான் அம்மாயியின் சேலை தப்பியது. ஆனால் பிள்ளைக்குத் தைத்த போர்வையைப் பிள்ளை போர்த்த வேண்டும். தங்கச்சியிடம், "சேலைய நீ காப்பாத்தினது சரி. இத அவ கிழிக்கட்டும். கிழிஞ்சா ஒட்டுப் போட நான் இருக்கேன்" என்றேன். இப்போது இரவில் அதைப் போர்த்திக்கொண்டுதான் புலமைப்பரிசில் புத்தகத்தோடு உட்காருகிறாள் என்று கேள்வி.

கம்பளிக்குக் கடன் கட்டிய வம்சத்தில், கடனில்லாத போர்வை போர்த்துகிற பிள்ளைகள் இவர்கள். நான் தைத்ததில் எனக்குப் பெருமையாகத் தெரிவது அது ஒன்றுதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இதற்கெல்லாம் லோங்ஆர்ம் மெஷின் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. மெஷின் வேலையை விரைவாக்கும். ஓடு தையல் தெரிந்த கை இருந்தாலே போர்வை வரும். வங்காளத்திலும் ஜீஸ் பெண்டிலும் கையால்தான் தைத்தார்கள். நம் மலையகத்துப் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கட்டுநாயக்காவிலும் மற்ற இடங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் உலகத்துக்கே உடுப்புத் தைக்கிறார்கள். அங்கே மிஞ்சும் வெட்டுத்துணி கிலோக் கணக்கில் சந்தைக்கு வருகிறது. கால்மிதி செய்யத்தான் பெரும்பாலும் போகிறது. ஊசியும் நம்மிடம் உண்டு, துணியும் உண்டு, கையும் உண்டு.

இந்தப் பள்ளிக்கு இவ்வாண்டு 100 வயது. பத்துக்குப் பத்து, 100 சதுரம். ஒவ்வொரு சதுரம் எட்டு அங்குலமாக இருந்தால் 80 அங்குலப் போர்வை. பழைய மாணவியர் 100 பேர், உங்கள் வீட்டிலுள்ள ஒரு பழைய துணியிலிருந்து ஒரு சதுரம் கொண்டுவாருங்கள். சீருடைத் துண்டாக இருக்கலாம், அம்மாவின் சேலையாக இருக்கலாம், படங்கின் ஓரமாகக்கூட இருக்கலாம். அது யாருடையது என்று ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். தங்கச்சி எனக்குப் போட்ட நிபந்தனையை நான் உங்களுக்குப் போடுகிறேன்: சொல்லிக் கொடுக்காவிட்டால் அது வெறும் சீத்தைத் துணி. இணைத்துத் தைக்க நான் இரண்டு வாரம் இங்கே இருக்கிறேன். மண்டபத்தில் ஒரு மேசையும், வீட்டு மெஷின் இரண்டும் போதும்.

முடிந்ததும் அதைக் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைக்க வேண்டாம் என்று அதிபர் அவர்களைப் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளியின் முதலுதவி அறையில் ஒரு கட்டில் இருக்கிறது. காய்ச்சலோடு அதில் படுக்கும் பிள்ளைக்கு அதைப் போர்த்திவிடுங்கள்.